வறட்சி பாவத்தின் சான்றன்று

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இறைவனைப் போற்றிய நா உடனே மழையைப் போற்றியதில் ஆழ்ந்த பொருள் உண்டு. மண்ணுக்கு வறட்சி உண்டெனில் மனத்துக்கும் உண்டு. ஜெபிக்க அமர்ந்தால் சொல் எழாது. வேதத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே நிற்கும். பாமாலை பாடுகையில் நா அசையும், நெஞ்சு அசையாது. கிறிஸ்தவ வாழ்வில் நெடுந்தொலைவு நடந்தவருள் இந்நிலையை அறியாதார் அரியர்.

இதற்கு நம்மிடையே ஒரு மருந்து வழங்கி வருகிறது. "உன்னிடம் மறைவான பாவம் உண்டு, உன் விசுவாசம் குன்றிவிட்டது, உபவாசம் இரு, எழுப்புதல் கூட்டத்துக்கு வா" என்பதே அம்மருந்து. நோயினும் கொடியது இம்மருந்து என்பேன்.

உட்லண்ட்ஸில் நான் வாழும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஓர் அம்மையார் இருக்கிறார். படுக்கையில் விழுந்த கணவரை ஆறாண்டுகள் பேணி, பின் அவரை அடக்கம் செய்தவர். அதன்பின் அவருக்கு ஜெபம் வரவில்லை. ஆறுதல் கூற வந்தவர்கள் அவரிடம் பாவக் கணக்குக் கேட்டார்கள். மூன்று நாள் உபவாசம் விதித்தார்கள். உண்ணவும் உறங்கவும் மறந்திருந்த பெண்மணிக்கு உண்ணாநோன்பு! அவர் ஆலயத்துக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். அவரை வெளியேற்றியது வறட்சியா, வறட்சிக்கு உறவினர் கூறிய விளக்கமா?

அவர்கள் மேற்கோள் காட்டும் வேதத்தையே புரட்டிப் பார்ப்போம். ஆகாப் மன்னனின் காலத்தில் நாட்டில் மழை இல்லை. அதற்கு அரசனின் குற்றம் காரணமாயிற்று என்பது மெய்யே. ஆனால் ஆண்டவர் சொற்படியே சென்று கேரீத் ஆற்றங்கரையில் தங்கிய எலியாவின் ஆறும் வற்றிப்போயிற்றே! கீழ்ப்படிந்தவனின் நீரும் வற்றும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பின்னொரு நாள் அதே எலியா சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார். தேவதூதன் வந்து அவரைக் கடிந்தானா? பாவத்தைத் துருவினானா? உறங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் நீரும் தந்து உண்ணச் சொன்னான், மீண்டும் உறங்கவிட்டு மீண்டும் உண்பித்தான். ஓரேப் மலையில் மெல்லிய குரல் கேட்டது அதற்குப் பிறகே. தூதன் அடை கொடுத்த இடத்தில் நாம் உபவாசம் கொடுக்கிறோம்.

அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. 1950-இல் கல்கத்தாவில் தம் சபையை நிறுவிய அன்னை தெரசா 1997-இல் மறைந்தார். அவர் தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. இடையே சிறிது காலம் தவிர, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் இறைவனின் அண்மையை உணரவில்லை! ஆயினும் விடியலில் எழுந்தார்; ஜெபித்தார்; தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி எடுத்தார். உணர்ச்சியே விசுவாசத்தின் அளவுகோல் எனில் அவரை எந்தக் கணக்கில் எழுதுவது? 2016-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்றே எழுதியது.

"அப்படியானால் பாவமே தடையாவதில்லையா?" என வினவுவர். ஆகலாம். தன்னைத் தானே ஆராய்வது நன்று. ஆனால் அது அவரவர் தம் உள்ளத்தில் ஏற்றும் விளக்கு. பிறர் முகத்தில் காட்டும் தீவட்டி அன்று. உடல் தளர்ச்சிக்கும் துயரத்துக்கும் மனநோய்க்கும் பாவம் எனப் பெயர் சூட்டுவது அறியாமை. மருத்துவர் தேவைப்படும் இடத்தில் மருத்துவரிடம் அனுப்புவதும் இறைப்பணியே.

வறண்ட காலத்தில் செய்யத்தக்கது யாது? எங்கள் வட்டாரமே விடை கூறும். ஜொகூரிலிருந்து கடற்பாலத்தை ஒட்டி வரும் நீர்க்குழாய்கள் உட்லண்ட்ஸில்தான் கரையேறுகின்றன. 1963 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழப் பத்து மாதங்கள் இத்தீவில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. வானம் பொய்த்ததற்கு எவரும் குடிமக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. இருந்த நீரைப் பகிர்ந்தனர்; பின் தேக்கங்களைப் பெருக்கினர். 1975-இல் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரம் அணையிடப்பட்டு நீர்த்தேக்கமாயிற்று. நம் முன்னோரும் ஏரியைத் தூர்வாரியது கோடையில் அன்றோ? நீர் நிறைந்திருக்கும்போது யார் மண்வெட்டி எடுப்பார்?

புத்துயிர் பெறுதலும் அவ்வாறே. இனிக்காத ஜெபத்தையும் வேளை தவறாமல் சொல்லுதல், ஒரு சங்கீதத்தையேனும் வாசித்தல், உண்ணுதல், உறங்குதல், தன்னிலும் தளர்ந்தவருக்கு ஒரு கை கொடுத்தல். இவையே தூர்வாரும் பணி. மழை அவனுடையது, மண்வெட்டி நம்முடையது.

அந்த அம்மையாரின் வீட்டுக்கு, அதே கட்டடத்து முதியவள் ஒருத்தி மாலைதோறும் கஞ்சி கொண்டு சென்றாள். உபதேசம் ஏதும் செய்யவில்லை. ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, அருகே அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புவாள். மாதங்கள் பல கழிந்தன. ஒரு ஞாயிறன்று அம்மையாரை ஆலயத்தின் கடைசி இருக்கையில் கண்டேன். "ஜெபம் இன்னும் இனிக்கவில்லை ஐயா, ஆனாலும் வந்துவிட்டேன்" என்றார்.

அந்த "ஆனாலும்" என்ற சொல்லில் இருக்கும் விசுவாசம் ஆரவாரக் கூட்டங்களில் எத்தனை பேருக்கு உண்டு? வறண்டவரைக் காணச் செல்லும் அன்பர்களே, குற்றச்சாட்டை வாசலிலேயே விட்டுச் செல்லுங்கள். கையில் கஞ்சி கொண்டு செல்லுங்கள்.