முதுமையிலும் தொடரும் அச்சம்



ஆஸ்திரேலியாவில், காப்பகங்கள் உள்ளிட்ட நிறுவனங்களில் சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான தேசிய நிவாரணத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியது. இக்கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் இழப்பீட்டு உச்சவரம்பை 2,00,000 டாலராகப் பரிந்துரைத்தது. அரசு அதை 1,50,000 ஆக்கியது. அதைவிட வேதனை, மனநல ஆலோசனையின் நிலை. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும்போதெல்லாம் அது கிடைக்க வேண்டும் என்றது ஆணையம். சில இடங்களிலோ அதற்கெனத் தரும் தொகை 5,000 டாலருக்கு மேல் இல்லை. நடந்ததை வாய்திறந்து சொல்லவே தங்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆனதாக ஆணையத்திடம் பேசியவர்கள் தெரிவித்தனர். அப்படிப்பட்டவர்களுக்கு 2027 ஜூன் 30-தான் விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்பது என்ன நியாயம்? அந்தக் கெடுவை நீக்க வேண்டும். இன்னொரு கவலையும் உண்டு: காப்பகங்களில் வளர்ந்து இன்று முதியவர்களாகிவிட்ட பலர், முதியோர் இல்லம் என்றாலே நடுங்குகிறார்கள். மறுபடியும் பிறர் கட்டுப்பாட்டில் வாழும் பயம் அது. வீட்டிலேயே பராமரிப்பு பெறுவதில் அவர்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

– வாசகி, திருநெல்வேலி