குரலும் ஓர் அமானிதமே

1928 அக்டோபர் 12 அன்று மாஸ்கோவின் செஞ்சேனை மாளிகையில் ஒரு சிறு கலைக்குழு மேடையேறியது. பாடுவோரும் ஆடுவோருமாக அதில் 12 பேரே இருந்தனர். அலெக்சாண்டர் அலெக்சாந்திரோவ் என்னும் இசையாசிரியர் அமைத்த அக்குழுவே பின்னர் அரசு விழாக்களில் முழங்கும் மாபெரும் இராணுவப் பாடகர் குழுவாக வளர்ந்தது.

அலெக்சாந்திரோவ் முன்பு மாஸ்கோவின் இரட்சகர் கிறிஸ்து பேராலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர். 1931இல் சோவியத் அரசு அப்பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தது. அந்த அரசின் படைக்கே அவர் தொடர்ந்து இசையமைத்தார்.

1944இல் அவரது மெட்டு நாட்டுப்பண்ணானது. அதில் ஸ்டாலினின் புகழ் இருந்தது. ஸ்டாலின் 1953இல் மறைந்தார். சில ஆண்டுகளில் அவர் பெயர் வேண்டாததாயிற்று. சொற்கள் கைவிடப்பட்டன; ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெறும் இசை மட்டுமே ஒலித்தது. 1977இல் ஸ்டாலின் பெயரில்லாத புதுச்சொற்கள் வந்தன. 1991இல் சோவியத் ஒன்றியமே மறைந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதே மெட்டுக்கு மீண்டும் புதுச்சொற்கள் எழுதப்பட்டன. இறைமறுப்பைக் கொள்கையாகக் கொண்டிருந்த அரசின் மெட்டில் இறைவனின் பெயர் இடம்பெற்றது! மூன்று முறையும் எழுதியவர்களுள் மிகால்கோவ் என்ற ஒரே கவிஞர் இருந்தார். அரசு மாற்றித் தந்த சொற்களையெல்லாம் வீரர்கள் கம்பீரமாகப் பாடினர்.

2016 டிசம்பர் 25 அன்று அக்குழுவினர் சென்ற விமானம் சோச்சி நகரிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் கருங்கடலில் வீழ்ந்தது. இறந்த 92 பேரில் 64 பேர் குழுவைச் சேர்ந்தவர்கள். சிரியாவில் முகாமிட்டிருந்த ரஷ்யப் படையினரைப் புத்தாண்டில் மகிழ்விக்கப் புறப்பட்டவர்கள் அவர்கள். ரஷ்ய விமானங்களும் குண்டுவீசிய கிழக்கு அலெப்போவிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு முடிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன.

அலெப்போவுக்காகக் கண்ணீர் சிந்திய நமக்கு, இம்மரணங்களில் மகிழ இடமுண்டா? யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அதுவும் ஓர் உயிரன்றோ எனக் கற்பித்தவர்கள். அப்பாடகர்களுக்கும் தாயுண்டு, பிள்ளைகளுண்டு.

ஆயினும் படிப்பினையை விட்டுவிடலாகாது. இனிய குரல் அல்லாஹ் அளித்த அமானிதம். அதில் யாருடைய சொல்லை ஏற்றுகிறோம் என்பதற்குக் கணக்குண்டு. நம் பிள்ளைகளும் மேடைகளில் புகழுரை படிக்கிறார்கள், ஊர்வலங்களில் முழக்கமிடுகிறார்கள். “நன்றாகப் பேசினாய்” என்று மகிழும் பெற்றோர், “நீ சொன்னது உண்மைதானா?” என்றும் ஒருமுறை கேட்கட்டும். புகழப்பட்டவரின் பெயர் நாளை அழிக்கப்படலாம். புகழ்ந்த நாவோ மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும்.