அழித்தவர்க்கு மாலையா?

விழா எடுப்போர் முதற்கண் தெளியவேண்டுவது, மாலை யார் கழுத்துக்கு என்பதே. அத்தெளிவின்றி எடுக்கப்படும் விழாவிற் பொருளைக் காத்தவன் கூட்டத்தின் கடைசியில் நிற்பான். பொருளைத் தொலைத்தவன் மேடையில் வீற்றிருப்பான். இங்கிலாந்து நாட்டில் நவம்பர் 23ஆம் நாள் தோறும் நிகழ்ந்து வருவது இதுவே.

1963ஆம் ஆண்டு அந்நாளில், ஒரு காரிக்கிழமை மாலையில், ‘டாக்டர் ஊ’ என்னும் அறிவியற் புனைவுத் தொடரைப் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. தன் தொலைக்காட்சியில் தொடங்கியது. ‘மருத்துவர் யார்?’ என வினவுவது போன்ற தலைப்பு. கதைத்தலைவனோ வேற்றுலகத்தான், தெருவோரக் காவற்பெட்டியின் வடிவங்கொண்ட நீலநிற ஊர்தியில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரிபவன். புறத்தே ஓராள் நிற்கும் அளவினதாய்த் தோன்றும் அப்பெட்டி, உட்புகுந்தால் ஒரு மாளிகையினும் பெரிது! கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி பரவியிருந்த மறுநாள் அது. முதற்பகுதியைக் காணத் தவறியோர் பலர். அடுத்த கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதலதை மீண்டும் ஒளிபரப்ப நேர்ந்தது.

தொடரைக் கருக்கொண்டவர் சிட்னி நியூமன் என்னும் கனடா நாட்டார். உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் வெரிட்டி இலாம்பெர்ட்டு. கழகத்தின் நாடக உருவாக்குநருள் அன்று அவர் ஒருவரே பெண். முதற்கதையை இயக்கிய வாரிசு உசேன், இலக்னோவிற் பிறந்த இளைஞர். கழகத்தின் பழம்பெருந் தூண்கள் எவையும் இதனைத் தாங்கவில்லை என்பதை இங்கே குறித்து வைத்தல் நலம்.

அற்றைச் சிறுவர் இற்றை முதியோர். அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் உடன்சேர, நீண்ட பல்வண்ணக் கழுத்துத்துணி சுற்றியும், அட்டையில் நீலப்பெட்டி செய்து சுமந்தும், அறுபது ஆண்டு வரலாற்றைப் பேசிப் பேசி மகிழ்கின்றனர். மகிழட்டும். ஒரு மக்களினம் தான் சிறு பருவத்தில் அஞ்சி நடுங்கிச் சுவைத்த கதையை முதுமையிலும் மறவாதிருப்பது நகைத்தற்குரியதன்று. ‘வேலையற்றோர் கூட்டம்’ என்று அவரை எள்ளிய நாளிதழ்காரர்க்கு விடை கூறவும் தேவையில்லை. ஏனெனில் அந்த வேலையற்றோர் செய்த வேலைதான் இன்று எஞ்சியிருக்கின்றது. சினத்திற்குரியது வேறு. அவ்விழாவின் மேடையில் தலைவராய் அமர்ந்து வாழ்த்தேற்கும் கழகம் யாது செய்தது என்பதே கேள்வி.

1963 முதல் 1969 வரை ஒளிபரப்பானவை 253 பகுதிகள். அவற்றின் மூல நாடாக்களுள் ஏறத்தாழ அனைத்தையும் அக்கழகமே துடைத்தது! பகைவர் குண்டு விழவில்லை, தீப்பற்றவில்லை, வெள்ளம் புகவில்லை. 1967ஆம் ஆண்டளவில் தொடங்கி, அலுவலர் கையொப்பமிட்ட தாள்களின்படி, காந்த நாடாக்கள் ஒவ்வொன்றாய் எடுத்துச் செல்லப்பட்டுத் துடைக்கப்பட்டு வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்பட்டன. அயல்நாடுகட்கு விற்பதற்கென்று 16 மி.மீ. படச்சுருளில் எடுத்த படிகள் கழகத்தின் வணிகப் பிரிவில் இருந்தன. விற்பனை உரிமைக்காலம் முடிந்ததும் 1970களில் அவையும் அழிக்கப்பட்டன. வேலியே பயிரை மேய்ந்தது என்பர். இங்கோ வேலி பயிரை மேய்ந்ததோடு நில்லாமல் விதைக்கூட்டையும் கவிழ்த்தது.

இத்தொடர்க்கு மட்டும் நேர்ந்த இழிவும் அன்று இது. 1969இல் மாந்தன் நிலவில் அடிவைத்த இரவில் பி.பி.சி.யின் அரங்கிலிருந்து நிகழ்ந்த ஒளிபரப்பின் பதிவே இன்று இல்லை. நிலவுப் பயணத்தைக் காக்கத் தெரியாதவர், நீலப்பெட்டிப் பயணத்தையா காப்பர்?

கழகத்தின் பக்கம் நின்று பேசுவோர் கூறும் கரணியங்கள் சில உள. நாடாவின் விலை மிகுதி என்பது ஒன்று. மெய்தான்; அந்நாளைய இரண்டங்குல நாடா விலையுயர்ந்ததே. ஆயின் அவ்விலையைக் கொடுத்தவர் யார்? தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு குடும்பத்தாரும் ஆண்டுதோறும் செலுத்திய உரிமக் கட்டணத்தால் இயங்கிய கழகமன்றோ அது! மக்கள் பணத்தில் வாங்கிய நாடாவில், மக்கள் பணத்தில் ஆக்கிய நாடகத்தை, மக்களைக் கேளாமல் துடைத்தற்கு விலையுயர்வு ஒரு விடையாகுமா? நடிகர், இசைஞர் சங்கங்களோடு செய்த உடன்பாடுகள் மறு ஒளிபரப்பை வரையறுத்தன என்பது மற்றொன்று. ஒளிபரப்பக் கூடாதென்றால் பெட்டியில் வைத்துப் பூட்டுவதன்றோ முறை? வண்ணம் வந்தபின் கருப்பு வெள்ளையை யார் காண்பார் என்பது மூன்றாவது. இதற்கு விடையை அந்தக் கழகத்தின் விற்பனைக் கணக்கே பின்னாளில் எழுதியது.

நான்காவதாக ஒன்றுண்டு, அதுவே உண்மைக்கு அணுக்கமானது. பொறியியற் பிரிவினர், படச்சுருள் வணிகப் பிரிவினர் காப்பர் என்றிருந்தனர். வணிகப் பிரிவினர், நூலகத்தார் காப்பர் என்றிருந்தனர். நூலகத்தாரோ, தம் பொறுப்பு படச்சுருளே, நாடா அன்று என்றிருந்தனர். மூவரும் பொறுப்பைத் தட்டிக் கழிக்க, நடுவில் ஒரு நாட்டின் நினைவு குப்பைக்குப் போயிற்று. தீய எண்ணத்தால் அழித்தவனையாவது எதிர்த்து நிற்கலாம். எண்ணமே இல்லாமல் அழித்தவனை எங்ஙனம் எதிர்ப்பது?

ஆயினும் எதிர்த்தனர், தாம் எதிர்க்கின்றோம் என்று அறியாமலே சிலர். அவர்தாம் அச்சுவைஞர்.

இல்லங்களில் நிகழ்படத்தைப் பதியும் கருவி இல்லாத காலம் அது. ஒலிப்பதிவுக் கருவி மட்டும் சில வீடுகளில் இருந்தது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள், மாலைநேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தனர். தாய் அழைத்தால் விடை கூறார். தம்பி இருமினால் முறைப்பர். இன்னும் திறனுடையோர் பெட்டியின் பின்புறத்தைத் திறந்து கம்பியை நேரே இணைத்தனர். ஒரு பகுதி 25 மணித்துளி, கிழமைக்கு ஒன்று, ஆண்டின் பெரும்பாலான கிழமைகளிலும். ஊதியம் இல்லை, ஏவுவார் இல்லை. இவ்வாறு பதிவானவற்றால், காட்சி அழிந்துபோன பகுதிகளுள் ஒன்றுக்கேனும் ஒலி அழியவில்லை. ஒன்றுக்கேனும்! கழகம் தொலைத்ததன் குரல் முழுவதையும் சிறுவர் கைகள் காத்துவைத்தன.

சான் கியூரா என்னும் ஒளிப்படக்காரர் மற்றொரு வழியிற் காத்தார். தொலைக்காட்சித் திரையை நோக்கிப் படக்கருவியை நிறுத்தி, ஒரு பகுதிக்கு அறுபது எழுபது படங்கள் வீதம் எடுத்து, நிகழ்ச்சி ஆக்குவோர்க்கு விற்பது அவர் தொழில். சிறு தொழில்தான். இன்று அழிந்த பகுதிகள் பலவற்றின் முகத்தோற்றம் அவர் படங்களால்தான் தெரிகின்றது.

1978இல், ‘தாலெக்’ என்னும் புகழ்பெற்ற இரும்புக்கூட்டு உயிரிகள் முதன்முதல் தோன்றிய கதையின் படச்சுருள்களே அழிப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலையில், அவற்றைக் கண்ணுற்றுத் தடுத்து நிறுத்தியவரும் ஓர் இளஞ்சுவைஞரே. காவலுக்கு அமர்த்தப்பட்டவர் எவருமல்லர்! அவ்வாண்டில்தான் கழகம் தொலைக்காட்சி ஆவணங்களைத் தெரிந்து காப்பதற்கென ஓர் அலுவலரை முதன்முதலாக அமர்த்தியது. கண்கெட்ட பின் கதிரவன் வணக்கம் என்பது இதுவே.

பின்னர்த் தொடங்கியது தேடல். 1983இல் இலண்டனில் மார்மன் சமயத்தார் கட்டடமொன்றின் நிலவறையில் இரண்டு பகுதிகள் கிட்டின. 1988இல் நான்கு பகுதிகள், கழகத்தின் கட்டடம் ஒன்றில் கவனிப்பாரற்ற அலமாரியிலேயே கிடந்தன. தன் வீட்டு அலமாரியில் உள்ளது எதுவெனத் தானறியாக் கழகம்! 1992இல் ஆங்காங்கிலிருந்து ஒரு கதை முழுவதும் மீண்டது. அவ்வாண்டிலேயே கழகம் அதனை ஒளிநாடாவாக்கி விற்றுப் பொருளீட்டியது. 2011இல் வந்த இரண்டு பகுதிகள், பள்ளிச் சந்தை ஒன்றில் ஒருவர் என்றோ விலைக்கு வாங்கி வைத்திருந்த சுருள்கள். 2013இல் நைசீரியாவின் சோசு நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றிலிருந்து ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்டன. அதன் பின்னும் 97 பகுதிகள் இல்லாமற் போனவையாகவே எஞ்சின.

நைசீரியாவும் ஆங்காங்கும் எவ்வகை நாடுகள் என எண்ணிப் பார்க்கவேண்டும். ஆண்ட நாடு அழித்ததை ஆளப்பட்ட நாடுகளின் அறைகள் வைத்திருந்தன. அங்கிருந்தோர் பெருநோக்கோடு காத்தனர் என்று மிகைபடக் கூறவேண்டுவதில்லை. தூசு படிய விட்டுவைத்தனர், அவ்வளவே. ஆயின் அந்த அளவுகூடப் பேரரசின் தலைநகரில் இயலவில்லை. இதனினும் வியப்பொன்று உண்டு. ஆத்திரேலியத் தணிக்கையார், சிறுவர் காண ஒவ்வாதவை என்று வெட்டியெறிந்த துண்டுகள் அந்நாட்டு அரசு ஆவணங்களோடு சேர்ந்து தங்கின. முழுப்பகுதிகள் அழிந்தும் அத்துண்டுகள் பிழைத்தன. 1996இல் அவற்றைக் கண்டெடுத்தவரும் சுவைஞரே. தணிக்கையாளன் கத்திரிக்கோல் காத்த அளவுகூடத் தாய்க்கழகம் காக்கவில்லை என்றால், அக்கழகத்துக்கு எந்தத் தட்டில் ஆரத்தி எடுப்பது?

பொருளை மட்டுமா மறந்தது கழகம்? ஆக்கியோரையும் மறந்தது. தொடரின் முகப்பிசையை, இசைக்கருவி ஒன்றும் இன்றி, மின்னொலிகளை நாடாவிற் பதிந்து, அந்நாடாவைத் துண்டு துண்டாய் வெட்டி ஒட்டி உருவாக்கியவர் தெலியா தார்பிசையர் என்னும் பெண்மணி. இசைக்குறிப்பு எழுதியவரே அவர்க்குப் பங்கு தரவேண்டுமென விரும்பியும், கழகத்தின் நடைமுறை இடங்கொடுக்கவில்லை. தொடரின் திரையில் அவர் பெயர் தோன்றியது 2013இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவுப் படத்தில். அவர் இறந்தது 2001இல். தாலெக்கின் உருவத்தை வரைந்த இரேமண்டு கியூசிக் மாதச் சம்பளக்காரர் என்பதால், உலகெங்கும் விற்ற பொம்மைகளில் அவர்க்கு உரிமைத்தொகை இல்லை.

1983இல், ஈசுட்டர் விடுமுறையின்போது, இலாங்கிலீட்டு மாளிகையில் இருபதாம் ஆண்டு விழாவைக் கழகமே நடத்தியது. எதிர்பார்த்ததினும் பன்மடங்கு மக்கள் திரண்டனர்; சாலைகள் அடைபட்டன. அத்துணை மக்கள் நெஞ்சில் இத்தொடர் வாழ்வதைக் கண்ணாரக் கண்டபின் கழகம் செய்தது யாது? 1985இல் 18 மாதங்கள் நிறுத்தி வைத்தது. 1989இல் அறவே கைவிட்டது. 1996இல் வந்த ஒற்றைத் தொலைக்காட்சிப் படம் நீங்கலாக, 2005 வரை திரையில் புதுக்கதை இல்லை. அப்பதினாறு ஆண்டுகளும் தொடரை உயிரோடு வைத்திருந்தவை சுவைஞர் எழுதிய புதினங்களும், 1999 முதல் அவரே ஆக்கிய ஒலி நாடகங்களும், அவர் நடத்திய இதழ்களும் கூட்டங்களுமே. 2005இல் அதனை மீட்டெழுதிய இரசல் டேவிசு இத்தொடரைக் கண்டு வளர்ந்த சுவைஞர். பின்னர்த் தலைவனாய் நடித்த பீட்டர் கபால்டி, பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது இதனைப் புகழ்ந்து எழுதிய மடல் 1974இல் வானொலி இதழில் அச்சேறியது. கைவிடப்பட்ட பிள்ளையை அயலார் வளர்த்து ஆளாக்கித் தர, பெற்றவர் வந்து பேர் சூட்டிக்கொள்வதைப் போன்றதே பின்னர் நிகழ்ந்தது. 2013 நவம்பர் 23இல் 94 நாடுகளில் ஒரே பொழுதில் ஐம்பதாம் ஆண்டுப் படத்தை ஒளிபரப்பிக் கழகம் பெருமிதம் கொண்டாடியது.

சுவைஞரிடத்தும் குறையில்லாமல் இல்லை. பொம்மையும் சட்டையும் குவளையும் வாங்கிக் குவிப்பதே கொண்டாட்டம் என்று எண்ணுவோர் அவருட் பெருகிவிட்டனர். எந்த நடிகர் சிறந்தவர் என்று நாள்முழுதும் பொருதுவோர்க்கு, ஒலிவாங்கி பிடித்த சிறுவர்களைப் பற்றி ஒருமணி நேரம் பேச ஓய்வில்லை. அழிந்த பகுதிகளுக்கு ஓவிய அசைவுப் படம் செய்து 2006 முதல் கழகம் விற்கும் வட்டுகளில் ஒலிக்கும் குரல், அச்சிறுவர் பதிந்த குரல் என்பதை வாங்குவோருள் எத்தனை பேர் நினைக்கின்றனர்? அவர்க்கு மேடையில் ஓர் இருக்கை வேண்டும் என்று விழாக்குழுவிடம் கேட்பதற்கு என்ன தடை? தனியார் சேர்ப்புகளில் இன்னும் சுருள்கள் இருக்கக்கூடும்; அவற்றை வைத்திருப்போர், வெளிக்காட்டினால் சட்டம் பாயுமோ என்று அஞ்சாதிருக்க எழுத்து வடிவில் உறுதி தருமாறு கழகத்தை நெருக்குவதும் அச்சுவைஞர் கடனே.

2023இல் அறுபதாம் ஆண்டு நிறைவு வந்தது. தாலெக்குகளின் முதற்கதையை, சுவைஞர் ஒருவர் தடுத்திராவிட்டால் குப்பைக்குப் போயிருக்கும் அதே கதையை, ஏழு பகுதிகளிலிருந்து 75 மணித்துளியாகக் குறுக்கி, வண்ணம் பூசிக் கழகம் ஒளிபரப்பியது. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளை இணையவழியில் திறந்துவைப்பதாகவும் அறிவித்தது. அத்தொகுப்பில் 1963 நவம்பர் 23ஆம் நாள் ஒளிபரப்பான முதற்கதை இல்லை. அதன் எழுத்துரிமை பெற்றவரோடு உடன்பாடு எட்டப்படவில்லை. பிறந்தநாள் விழாவில் பிறப்பைக் காண விரும்பியோர்க்கு, தத்தம் வீட்டு அலமாரியில் அவர் வாங்கிக் காத்துவைத்திருந்த பழைய வட்டுகளே அன்றும் துணையாயின.