குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் முதுகலைப் படிப்பும் பணியிடமும்: கிணத்துக்கடவிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் முதுகலைப் பட்டதாரிகள் சங்கம்,
கிணத்துக்கடவு, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், கோயம்புத்தூர்.

நகல்:
அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை. இயக்குநர், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், சென்னை.

பொருள்: குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் முதுகலைப் படிப்பை அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் தொடங்குதல், கிணத்துக்கடவு ஒன்றிய அங்கன்வாடிகளில் களப்பயிற்சி, ஒன்றிய அளவில் பணியிடம் – வேண்டுதல் தொடர்பாக.



மனையியல் படிப்புக்கு நாடறிந்த ஊர் கோவை. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரி, டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் பொறுப்பில் வளர்ந்து 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மனையியலின் ஒரு பிரிவான குழந்தை வளர்ச்சியை முதுகலை அளவில் படிக்க பரோடாவுக்கோ டெல்லி லேடி இர்வின் கல்லூரிக்கோ போக வேண்டிய நிலை நமக்கு இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் பஸ் ஏறி, உக்கடத்தில் மாறினால் போதும். எங்கள் உறுப்பினர்கள் பலர் அப்படிப் போய்ப் படித்தவர்கள்தாம். படித்து முடித்தபின் ஒருவர் நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர், இன்னொருவர் மில்லில் கணக்கு எழுதுகிறார், வேறொருவர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். மனையியல் என்றாலே சமையலும் தையலும் என்று நினைப்பவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். ஆனால் குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடுவது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளோடு பழகுவது, வளரிளம் பருவம், குடும்ப ஆலோசனை, முதுமை, புள்ளியியல் என்று இரண்டு வருடம் படித்தவர்கள் இவர்கள். அந்தப் படிப்பு யாருக்குத் தேவையோ அந்தக் குழந்தைகளும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

கல்குவாரிப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். மூன்றரை வயதுப் பையன். பெற்றோர் ஒடிசாவிலிருந்து தென்னை நார் மில் வேலைக்கு வந்தவர்கள். எடை சரி, உயரம் சரி, ஊட்டச்சத்துக் கண்காணிப்புக்கான போஷண் டிராக்கர் செயலியில் பதிவும் சரி. பேச்சு மட்டும் வரவில்லை. வீட்டில் ஒடியா, மையத்தில் தமிழ், பழகினால் வந்துவிடும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்க, இவன் கையிலிருந்த பொம்மையையே உருட்டிக்கொண்டிருந்தான். கோளாறு காதிலா வேறெங்கிலுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தோன்றுவதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா?

இதற்காக அங்கன்வாடி ஊழியரைக் குறை சொன்னால் அது அநியாயம். சத்துமாவு, வாரம் மூன்று முட்டை, எடை பார்ப்பது, பதிவேடு, செயலி, தடுப்பூசி நாளுக்குத் தாய்மார்களைக் கூட்டி வருவது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் என்று எல்லாம் அவர் தலையில்தான். 1975 அக்டோபர் 2இல் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் அதன் பணிகளில் ஒன்று. இப்போது மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ‘நவசேதனா’, மூன்று முதல் ஆறு வயது வரை ‘ஆதார்ஷிலா’ என 2024இல் மத்திய அரசு புதிய பாடத்திட்டங்களையும் வெளியிட்டிருக்கிறது. அவற்றை மையத்தில் உடனிருந்து செய்து காட்ட ஆள் வேண்டும். ஊழியரின் இடத்தை நாங்கள் கேட்கவில்லை. அவருக்குத் துணையாக ஒருவரைக் கேட்கிறோம்.

ஆகவே, கிணத்துக்கடவு ஊராட்சி ஒன்றியத்தில் முன்மாதிரியாக ஒரு குழந்தை வளர்ச்சி ஆலோசகர் பணியிடத்தை உருவாக்குமாறு வேண்டுகிறோம். மாதம் ஒரு முறையாவது அவர் ஒவ்வொரு மையத்துக்கும் போக வேண்டும். வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளையைக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்தார்களா என்று தொடர்ந்து கேட்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்று போட்டால் ஆள் நிலைக்காது. தாய்மார்கள் ஒரு முகத்தைப் பழகி நம்புவதற்கே ஒரு வருடம் ஆகும்.

படிப்பைப் பொறுத்தவரை, பாரதியார் பல்கலைக்கழகத்திலோ புலியகுளம் அரசு மகளிர் கல்லூரியிலோ இந்த முதுகலை வகுப்பை அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் தொடங்கிட வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இளங்கலையோடு நின்றுவிடும் பெண்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அங்கு சேரும் மாணவிகள் ஒரு பருவம் முழுக்க வடசித்தூர், சொக்கனூர், மெட்டுவாவி போன்ற ஊர்களின் மையங்களில் பயிற்சி பெற வேண்டும். வந்து, படிவம் நிரப்பி, ஆய்வேடு கட்டிக்கொண்டு போவது பயிற்சியாகாது. கண்டதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அந்த மையத்துக்கும் பெற்றோருக்கும் தர வேண்டும். ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தையும் பெற்றோருக்கு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. தாய்க்குத் தெரிந்தது ஒடியாவோ இந்தியோ என்றால் அந்த மொழியில் வாசிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தின் பெயர் மாறுவதால் வேலைக்கான விண்ணப்பங்கள் தள்ளுபடியாகின்றன. இவற்றை இணையான பட்டங்களாக அறிவித்து ஒரே அரசாணை வெளியிட உயர்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

காப்பகம் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த விதி. எங்கள் பக்கத்து நார் மில்கள் பலவற்றில் இருபது பேர், முப்பது பேர்தான். சட்டம் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது. தாய் மட்டை எடுத்துப் போட, பிள்ளை உலர்களத்து நார்த்தூளில் விளையாடுகிறது. அடுத்தடுத்துள்ள மில்களுக்குப் பொதுவாக ஒரு காப்பகமும், அதை நடத்த இப்படிப்பு முடித்த ஒருவரும் தேவை. இடம் தர ஊராட்சிகளிடம் பேசித் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

குடும்பவியல் என்ற மறுபாதி யார் கண்ணிலும் படுவதில்லை. அம்மா ஷிப்டுக்குப் போக, அம்மிச்சியிடம் செல்போனோடு வளரும் பிள்ளை ஒரு பக்கம்; மக்கள் வெளியூரில் இருக்க, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் முதியவர்கள் இன்னொரு பக்கம். மேலே கேட்ட ஆலோசகரின் பணிப்பட்டியலில் இந்த வீடுகளையும் சேர்க்க வேண்டும்.

ஜூன் சேர்க்கைக்கு முன்பாக உயர்கல்வி, குழந்தை வளர்ச்சித் திட்டம், தொழிலாளர் நலம் ஆகிய துறைகளின் அலுவலர்களோடு எங்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தி, எடுக்கும் முடிவை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்,
கிணத்துக்கடவு.