தரம் தெரியாத சரக்கும் பொதுப்பணமும்

மரபணுக்களில் எது இயங்கும், எது உறங்கும் என்பதைத் தீர்மானிப்பதில், டிஎன்ஏ இழை சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் நிகழும் வேதி மாற்றங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. புற்றுநோய் ஆய்வுக்கு இன்றியமையாத இம்மாற்றங்களைக் கண்டறிய, ஆய்வகங்கள் 'ஆன்டிபாடி' எனப்படும் எதிர்ப்பொருள்களை விலைக்கு வாங்குகின்றன.

அவை நம்பத்தக்கவையா? 57 வகை மாற்றங்களுக்கான 200-க்கும் மேற்பட்ட எதிர்ப்பொருள்களைச் சோதித்த ஆய்வொன்று 2011-இல் வெளியானது. பெரும்பாலானவை தேறின, ஆனால், கால் பங்குக்கும் மேற்பட்டவை தமக்குரிய மாற்றத்தைப் பிரித்தறியத் தவறின. எதிர்ப்பொருள்களுக்காக உலகம் ஆண்டுதோறும் செலவிடும் 160 கோடி டாலரில் பாதி வீணாகிறது என 2015-இல் 'நேச்சர்' இதழில் அறிவியலாளர்கள் மதிப்பிட்டனர்.

விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, மட்டச் சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என 1970-இல் விளக்கினார் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப். இங்கோ நிலைமை இன்னும் சிக்கலானது. விலங்கின் குருதியிலிருந்து எடுக்கப்படும் எதிர்ப்பொருள், விலங்குக்கு விலங்கு மாறுபடும். முந்தைய தொகுதிக்கு அளித்த சான்று அடுத்த தொகுதிக்குப் பொருந்தாது. விற்பவருக்கே தரம் முழுமையாகத் தெரியாமல் போகலாம்.

மரபணு வரிசை அறியப்பட்டு, அதைக்கொண்டு ஆய்வகத்திலேயே உருவாக்கப்படும் எதிர்ப்பொருள்களுக்கு இக்குறை பெருமளவு இல்லை. எனினும், அவற்றையும் சோதித்தே ஏற்க வேண்டும். ஆய்வு நிதி வழங்கும் அரசு அமைப்புகள், தொகுதிவாரியான சோதனை முடிவுகளைப் பொதுவெளியில் வைப்பதை நிபந்தனையாக்க வேண்டும். பிழையான கருவி பணத்தை மட்டுமல்ல, நோயாளிகள் காத்திருக்கும் காலத்தையும் விழுங்குகிறது.