இலவசப் படமும் தொழிலாளியின் செல்போனும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் வட்டாரத்தில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் வாலிபர்களிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. புதுப்படம் தியேட்டருக்கு வந்த அன்றே அது செல்போனிலும் வந்துவிடுகிறது. ‘டாரண்ட்’ வழியாக ஒருவர் இறக்குகிறார். பத்துப் பேர் பார்க்கிறார்கள். செல்போன் கடைகளிலோ சில ரூபாய்க்கு மெமரி கார்டில் ஏற்றித் தருகிறார்கள். “காசில்லாமல் கிடைக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைத் திருடர் என்று ஏசுவது நமது வேலையல்ல. நாலு பேர் கொண்ட குடும்பம் நகரத்துத் தியேட்டருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. வாரம் ஆறு நாள் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவன் ஏழாவது நாள் ஒரு படம் பார்க்க ஆசைப்படுவது குற்றமாகாது. ஆனால் ‘இலவசம்’ என்று வருவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை உழைக்கும் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில், டாரண்ட் என்பது என்ன? நமது பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஷூவுக்கு ‘அப்பர்’ தைத்துக் கொடுப்பதை நாம் அறிவோம். ஒரே ஷூ பல வீடுகளில் துண்டு துண்டாக உருவாகிறது. 2001இல் அமெரிக்கரான பிராம் கோஹன் என்பவர் உண்டாக்கிய இந்த முறையும் அப்படித்தான். ஒரு படம் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. உங்கள் செல்போன் அவற்றை ஒரே இடத்திலிருந்து வாங்குவதில்லை. ஏற்கனவே இறக்கிக்கொண்டிருக்கும் பலரிடமிருந்து வாங்குகிறது. வாங்கிக்கொண்டிருக்கும்போதே தன்னிடம் வந்த துண்டுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் செய்கிறது. நீங்கள் பொத்தானை அமுக்கியது வாங்குவதற்காக மட்டுமே இருக்கலாம். உங்கள் செல்போனோ விநியோகஸ்தன் ஆகிவிட்டது!

இதில் இரண்டு அபாயங்கள் பிறக்கின்றன.

ஒன்று, உங்கள் முகவரி தெருவுக்கு வந்துவிடுகிறது. துண்டுகளைக் கொடுத்து வாங்கும் கூட்டத்தில் ஒவ்வொருவருடைய ஐ.பி. எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். படக் கம்பெனி அமர்த்திய ஆளும் அதே கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்து எண்களைக் குறித்துக்கொள்ள முடியும். எந்த நேரத்தில் அந்த எண் யாருடைய இணைப்பில் இருந்தது என்ற விவரம் தொலைபேசிக் கம்பெனியிடம் இருக்கிறது. இத்தகைய பதிவுகளை இரண்டு ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்பு இலாகா லைசென்ஸ் நிபந்தனையைத் திருத்தியது. முகமூடி போட்டுத் தருகிறோம் என்னும் ‘வி.பி.என்.’ கம்பெனிகளும் வாடிக்கைக்காரர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு பிறந்தது.

பதிவேட்டில் இருப்பது யார் பெயர்? சிம் கார்டு ஷூ கம்பெனிக்குப் போகும் தாயின் பெயரில் இருக்கும்; படத்தை இறக்குவது மகன். ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருப்பார்கள். இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும். விசாரணை என்று வந்தால் முதலில் கதவைத் தட்டுவது பெயருக்குரியவர் வீட்டில்தான். ஜெர்மனிக்குப் படிக்கப் போன நமது பிள்ளைகள் பலர் இதை அனுபவத்தில் அறிவார்கள். அங்கே டாரண்டில் படம் இறக்கினால், நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு வக்கீல் நோட்டீஸ் வீடு தேடி வருகிறது.

இரண்டாவது அபாயம் சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, தெரிந்தே உரிமை மீறுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. லாப நோக்கமில்லாதபோது, தக்க காரணம் காட்டிக் கோர்ட்டு தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் இது ஜாமீனில் விடக் கடமையில்லாத குற்றம் என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வெறுமனே பார்ப்பது குற்றமல்ல, விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும் வாடகைக்கு விடுவதுமே குற்றம் என்று 2016இல் பம்பாய் ஹைக்கோர்ட்டு விளக்கியது. பலர் இதைக் கேட்டு நிம்மதியடைகிறார்கள். ஆனால் டாரண்டில் பார்ப்பவனே விநியோகிப்பவனும் ஆகிறான் என்பதை மறந்துவிடுகிறார்கள்!

தியேட்டரில் செல்போனைத் தூக்கிப் படம் பிடிப்போரும் கவனிக்க வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராப் சட்டப்படி, கள்ளப் பிரதி எடுக்கும் நோக்கத்தோடு தியேட்டரில் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை போகும். 2018 மார்ச்சில் ‘தமிழ் ராக்கர்ஸ்’ வழக்கில் கேரளப் போலீஸ் விழுப்புரத்துக்காரர்களைக் கைது செய்தது. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்துத் தியேட்டரில் ‘ராயன்’ படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் பிடிபட்டார். மாநில எல்லை யாரையும் காப்பாற்றவில்லை.

சட்டத்தைவிட அருகில் நிற்கும் அபாயம் இன்னொன்று உண்டு. இன்று தொழிலாளியின் கூலி செல்போனில் இருக்கிறது. வங்கிக் கணக்கு, பி.எப். கணக்கு, ஊரக வேலைத் திட்டக் கூலி, சர்க்கார் உதவித் தொகை அனைத்துக்கும் ஓ.டி.பி. வருவது அந்த ஒரே கருவியில்தான். கள்ளப் படத் தளங்கள் தர்மத்துக்கு நடப்பவை அல்ல. அவை விளம்பரத்தில் பிழைப்பவை. சூதாட்ட விளம்பரத்தைப் படத்தின் மேலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். படத்தின் பெயரைச் சூட்டி, செல்போனைக் கைப்பற்றும் நச்சுச் செயலிகளையும் அனுப்புகிறார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: உண்மையான படக் கோப்பு, “என்னை நிறுவட்டுமா? உன் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கொடு” என்று ஒருபோதும் கேட்காது. அப்படிக் கேட்பது படமல்ல, பணப்பையில் கை வைக்க வந்தது. பணம் போய்விட்டால் கண நேரமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

நஷ்டம் படமுதலாளிக்கு மட்டும்தானே என்று சிலர் வாதிக்கலாம். விளக்குத் தூக்குகிறவரும், செட் அடிக்கும் தச்சரும், உடை தைக்கும் தையற்காரரும் நம்மைப் போன்ற கூலிக்காரர்களே. படம் நொடித்தால் பெரிய நட்சத்திரத்தின் சம்பளம் முன்பே பட்டுவாடா ஆகியிருக்கும். பாக்கி நிற்பது இவர்களுடைய பேட்டாதான். ஒரு தொழிலாளியின் பொழுதுபோக்கு இன்னொரு தொழிலாளியின் வயிற்றிலடித்து வரலாகாது.

அதே சமயம் சர்க்காரையும் படமுதலாளிகளையும் நோக்கிச் சில வார்த்தைகள் சொல்லாமல் இருக்க முடியாது. 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் 2004ஆம் ஆண்டு ‘வீடியோ கள்ளப் பிரதியாளர்’களையும் சேர்த்தார்கள். அதன்படி விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். தடுப்புக் காவலின் கொடுமையைத் தொழிலாளி இயக்கம் நன்கு அறியும், ஏ. கே. கோபாலன் 1950இலேயே சென்னை ராஜ்யத்தை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போனது அதற்காகத்தான். குற்றம் செய்தவன் மீது வழக்குப் போடுங்கள், சாட்சி கொண்டுவாருங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். விசாரணையில்லாச் சிறை எதற்கு?

தடை உத்தரவுகளின் கதையும் அப்படியே. 2012இல் ‘3’ என்ற படத்துக்காகச் சென்னை ஹைக்கோர்ட்டில் பெற்ற உத்தரவைக் காட்டித் தளங்களை முழுமையாக முடக்கினார்கள். குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று கோர்ட்டே பிறகு தெளிவுபடுத்த நேர்ந்தது. 2017இலோ, உலகத்தார் இலவசமாகப் புத்தகம் படிக்கும் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ நூலகமும் இத்தகைய உத்தரவில் சிக்கி முடங்கியது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துவது புத்திசாலித்தனமா?

ஆகவே நாம் கோருவது இது: போலீசின் கை, படத்தைக் களவாடி விற்கிறவனையும் அதில் விளம்பரம் போட்டுக் கொழுக்கிறவனையும் முதலில் பிடிக்கட்டும். ஒரு படம் பார்த்த கூலிக்காரனின் செல்போனைச் சாட்சியப் பொருள் என்று மாதக்கணக்கில் முடக்கிவைக்க வேண்டாம். கள்ளப் பிரதிக்குக் குண்டர் சட்டம் கூடாது. சிற்றூர்த் தியேட்டர்களில் உழைப்பாளிக்குக் கட்டுப்படியாகும் கட்டணம் வேண்டும்.

கலை மக்களுக்குச் சொந்தமாவதற்கு நேர்வழி இல்லாமல் இல்லை. பாரதியின் பாடல்களைத் தனியார் கையிலிருந்து விடுவிக்கத் தமிழ் மக்கள் குரல் எழுப்பினார்கள். 1949இல் சென்னை சர்க்கார் அந்த உரிமையை வாங்கிற்று. பின்னர் அது பொதுச் சொத்தாயிற்று. பகிரங்கமாகக் கேட்டுப் பெற்றதால், அவற்றை அச்சிடவோ பாடவோ இன்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

தொழிலாளத் தோழர்களே, விவசாயத் தொழிலாளித் தோழர்களே! சங்கக் கூட்டத்தில் கூலியும் போனசும் பேசி முடித்தபின் அரைமணி நேரம் செல்போனைப் பற்றியும் பேசுங்கள். விவரமறிந்த வாலிபர்கள் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். டாரண்ட் செயலிகளை நீக்குங்கள். யார் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத கோப்பை நிறுவாதீர்கள். மாதம் முழுதும் தோலோடும் சுண்ணாம்போடும் போராடிச் சம்பாதித்த கூலியை ஓர் இரவுப் படத்துக்காகப் பறிகொடுக்க வேண்டாம்!