பத்துக்குப் பத்து வாங்கினா புள்ளியியல் வந்துடுமா?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை. இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர், மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும் :-)

போன வாரம் பல்லவனைப் பிடிச்சு ஊருக்கு (விருத்தாசலம்தான்) போயிருந்தேன். சித்தி பொண்ணு காலேஜ் படிப்போட ஆன்லைன்ல புள்ளியியல் கோர்ஸ் ஒண்ணும் படிக்கிறா. "வாராவாரம் க்விஸ்ல பத்துக்குப் பத்துண்ணா" என்று போனைக் காட்டினாள். எனக்கு ஒரே பெருமை. சும்மா இருந்திருக்கலாம். பீங்கான் ஊராச்சேன்னு ஒரு கேள்வி கேட்டுத் தொலைச்சேன்.

"ஒரு சூளையில பத்து நாள் கப் சுடுறாங்க. ஒன்பது நாள் தினமும் 4 கப் உடையுது. ஒரு நாள் மட்டும் சூடு எக்குத்தப்பா ஏறி 64 உடையுது. வழக்கமா ஒரு நாளைக்கு எத்தனை உடையும்னு முதலாளிக்குச் சொல்லணும். 4, 10, 34, 60. இதுல எது?"

"சராசரிதானே? 10."

"கணக்கு சரி. ஆனா அந்தப் பத்து நாள்ல எந்த நாளாவது 10 உடைஞ்சுதா?"

முழித்தாள். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. விடையெல்லாம் முந்தின நாளே வாட்ஸப் குரூப்ல வந்துடுமாம். "எல்லாரும் அதான்ணா பண்றாங்க. இல்லன்னா மார்க் போயிடும்." அடுத்த மாசம் தேர்வு. ஹாலுக்குள்ள போனும் கிடையாது, குரூப்பும் கிடையாது.

திட்ட மனசு வரலை. டூ மார்க் கேள்வியை மனப்பாடம் பண்ணியே இன்ஜினியரிங் தாண்டின கேஸு நான்.

உடனே "இந்த ஒரு மார்க் கேள்வியே தண்டம்" என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடத்தை ஒரு குழு திரும்பப் படித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ படித்தவர்கள்தான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்தது, படித்தவர்களுக்கு 42. ஆக, தன்னைத்தானே சோதிப்பதே ஒரு படிப்பு.

சாய்ஸ் கேள்வியில் ஒரு ஆபத்தும் இருக்கு. தப்பான சாய்ஸே மண்டைக்குள்ள போய் உட்கார்ந்துடும். இதே ரோடிகர், பட்லரோடு சேர்ந்து 2008-ல் மருந்தும் சொன்னார்: சரியான விடையைச் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பாதிப்பு குறையும்.

என் கேள்விக்கு வருவோம். 10 என்றால், ஒரு எக்குத்தப்பான நாள் சராசரியை இழுத்துவிடும் என்பது புரியலை. 34 என்றால், சின்னதையும் பெரியதையும் கூட்டிப் பாதியாக்கியாச்சு. 60 என்றால், வீச்சோடு குழப்பம். 4-தான் இடைநிலை. ஒவ்வொரு தப்பு சாய்ஸும் ஒரு தப்பு யோசனை. எதைத் தொட்டாலும் "நீ இங்கதான் சறுக்கினே" என்று சொல்லணும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியரால் தனித்தனியா முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போனால் முடியும். நம்மள மாதிரி ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதைக் கெடுப்பது மார்க்தான். என்பிடெல் 12 வாரக் கோர்ஸில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், ஹாலில் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்வது நல்ல விஷயம், தப்பு செய்ய இடம் தருது. ஆனாலும் மார்க் என்று வந்துட்டா, விடை தேடி ஓடத்தான் தோணும். நாலு சாய்ஸ் உள்ள பத்துக் கேள்விக்கு இங்கி பிங்கி போட்டாலே நாலோ அதுக்கு மேலயோ சரியாகும் வாய்ப்பு 22 சதவீதம். (இதையே ஈருறுப்புப் பரவலுக்கு முதல் பாடமா வைக்கலாம்!)

"மார்க் இல்லன்னா எவன் செய்வான்?" நியாயமான கேள்வி. நிறையப் பேர் செய்ய மாட்டாங்க, ஒத்துக்கறேன். அதனால சரியான விடைக்கு மார்க் வேண்டாம், முயற்சிக்குக் கொடுங்க. விடையோடு ஒரு வரிக் காரணம் கேளுங்க. ஆளுக்கு ஆள் எண்ணை மாத்துங்க. இலவசமாகக் கிடைக்கும் மூடுல் மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கு. அப்போ குரூப்பில் "மூணாவதுக்கு 4" என்று போட்டால் எவனுக்கும் உதவாது. "எப்படிப் போட்டே?" என்றுதான் கேட்டாகணும். அந்தப் பேச்சுதான் படிப்பு.

அன்னைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இன்னும் எட்டுக் கேள்வி போட்டோம். மூணுதான் சரி. தப்பான அஞ்சையும் ஏன் தப்புன்னு அவளே நோட்டில் எழுதிக்கொண்டாள். தேர்வுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு, பார்ப்போம்.

பதிவர்களில் வாத்தியார்கள் நிறையப் பேர் இருக்கீங்க. உங்க வகுப்பில் எப்படின்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. திட்டினாலும் ஓகேதான்.

டிஸ்கி: சூளைக் கணக்கு கற்பனை. எந்த முதலாளியும் சண்டைக்கு வர வேண்டாம் :-)